ஐந்தாவது துளை

கோச்சடையில் பதினான்கு மாடிக் கட்டடம் வரப்போகிற மனையில் மண் பரிசோதனை செய்தவர் சவரியப்பன். ஐந்து இடங்களில் துளை போட்டு, அடியில் என்ன மண், எத்தனை அடியில் பாறை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு துளை ஒழுங்காக முடிந்தது. ஐந்தாவது வடக்கு மூலையில். அங்கே எந்திரம் நுழைய வேண்டுமானால் சுற்றுச்சுவரைக் கொஞ்சம் இடிக்க வேண்டும்.

அந்த மூலையை ஒட்டிய வீட்டிலிருந்து ஒச்சம்மாள் வந்து சொன்னாள். "இங்கன முன்ன பெரிய கிணறு இருந்துச்சு தம்பி. இடிச்ச கல்லும் மண்ணும் கொட்டி மூடிட்டாங்க."

"சரிம்மா, பாத்துக்கிறோம்" என்றார் சவரியப்பன்.

மறுநாள் மகள் ரூத்துக்கு நிச்சயம். அவசரம். நாலாவது துளையின் எண்களை அங்கங்கே மாற்றி, ஐந்தாவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிய மூன்றாம் நாள் வடக்கு மூலை சரிந்தது. ஒச்சம்மாளின் சமையல்கட்டுச் சுவரும் கூடவே போயிற்று. அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்ததால் தப்பினாள்.

பொறியாளர் பவதாரிணி எல்லார் முன்னாலும் மேஸ்திரியிடம் அறிக்கையை விரித்துக் காட்டினாள். "இங்க கெட்டி மண்ணுன்னு சார் தெளிவா எழுதியிருக்காரு. நீங்கதான் ஓரத்துல சரிவு விடாம நெட்டுக்குத்தா வெட்டியிருக்கீங்க."

மேஸ்திரி மொக்கைச்சாமி சவரியப்பனைப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க சார். அள்ள அள்ளப் பொலபொலன்னுல்ல வந்துச்சு."

சவரியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே மொக்கைச்சாமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் எழுந்தபோது சவரியப்பன் எழவில்லை; பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. "உடம்புக்கு முடியலையா?" என்று மனைவி சகாயமேரி கேட்டாள். தலைவலி என்று அவளிடமும் மறைத்தார்.

திங்கட்கிழமை காலை பவதாரிணியிடம் போய் உண்மையைச் சொன்னார். அவள் சத்தம் போடவில்லை. "உங்க கையெழுத்த நம்பித்தான் சார் அந்த மனுசன அம்புட்டுப் பேச்சு பேசுனேன்" என்றாள். அவருக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அங்கிருந்து ஒச்சம்மாளிடம் போனார். தார்ப்பாய் கட்டிச் சமைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும் தம்பி. எந்திரம் இந்தப் பக்கம் வரவே இல்லையே. நான் இங்கனதான இருந்தேன்."

"அப்ப ஏம்மா நீங்க சொல்லல?"

"அன்னைக்கு அந்தம்மா எல்லாரையும் வச்சுப் பேசுனப்ப நானும் அங்கனதான் இருந்தேன், நீங்களே சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்."

வேறு ஆள் வந்து துளை போட்டார். முப்பதடிக்கு இடிபாடுதான். அஸ்திவார வரைபடத்தை மாற்றினார்கள், ஒச்சம்மாளுக்குச் சுவர் கட்டிக் கொடுத்தார்கள், மொக்கைச்சாமியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சவரியப்பன் மன்னிப்புக் கேட்கப் போனார். "இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, கம்பி இறக்க வந்த லாரியைப் பார்த்து நடந்துவிட்டார் மொக்கைச்சாமி. கூப்பிய கை கூப்பியபடியே சவரியப்பன் வெயிலில் நின்றார்.