கழுதை கட்டிய வீடு: இரண்டு கருத்துகள்

திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு எதிர்ச்சந்தில் மளிகைக் கடை வைத்திருந்த சிவந்திக்கு அப்போது நாற்பது வயது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பதினான்கு வருஷமாகியிருந்தது. அந்தப் பகுதிக்கே அவர் அண்ணாச்சி. கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் அவரும் மனைவி பூமாரியும் மட்டும்.

சிவந்தி சினிமா பார்த்ததில்லை. ஊரில் சிறுவனாக இருந்தபோது ஒருமுறை டூரிங் கொட்டகைக்குப் போய், மழை வந்து கூரை ஒழுகி, பாதியில் எழுந்து வந்ததோடு சரி. சினிமா பார்ப்பவர்களை அவர் திட்டுவதும் கிடையாது. வெற்றிலை போடாதவன் வெற்றிலை போடுகிறவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ரகுபதி கடைக்கு வந்து பீடிக்கட்டை வாங்காமல் நின்றான். கையில் சுருட்டிய சினிமாப் பத்திரிகை.

"இன்னா அண்ணாச்சி, நம்ம ஆளு படத்த இப்டி கிழிச்சிட்ட?"

"எந்த ஆளு? எதக் கிழிச்சேன்?"

ரகுபதி பத்திரிகையைப் பிரித்துக் கல்லாமேல் வைத்தான். 'வாசகர் கருத்து' என்ற பக்கத்தில் மூன்றாவதாக இருந்தது:

'மனைவி இறந்த பிறகு கதாநாயகர் ஆறு நிமிஷம் பாடி அழுகிறார். அவள் உயிரோடிருந்தபோது அவளிடம் அவர் பேசியது நாலே நாலு வசனம். அதில் இரண்டு, சோறு போடு என்பது. அந்தப் பாட்டை முன்னாலேயே பாடியிருந்தால் அவள் இறந்திருக்கவே மாட்டாள். ப. சிவந்தி, மளிகைக் கடை, திருவொற்றியூர்.'

சிவந்தி இரண்டு தடவை படித்தார். பெயர் அவருடையதுதான். முன்னெழுத்தும் சரி. தகப்பனார் பெயர் பரமசிவம்.

"இத நான் எழுதலவே."

"அட்ரஸு கீதே, அண்ணாச்சி. திருவொத்தியூர்ல சிவந்தின்னு வேற யாரு கீறா? அந்தப் பாட்டுக்குக் கொட்டாயே அழுதுச்சி. எனுக்குச் சட்டையே நனைஞ்சி போச்சி. நீ இன்னாடான்னா சோத்தக் கணக்கு பண்ணிக்கினு கீற."

"நான் அந்தப் படத்தப் பாக்கவே இல்ல."

"பாக்காமயே எழுதுனியா? அது அத்த விட மோசம்!"

ரகுபதி கோபமாகவே பீடிக்கட்டை வாங்கிக்கொண்டு போனான். சிவந்திக்கு அன்று முழுக்கப் பருப்பு நிறுக்கும்போதுகூட அந்த வரிகளே ஓடின. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். ஆனால் அவரை வம்புக்கு இழுத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

மறுவாரம் இன்னொன்று வந்தது. டோல்கேட் பக்கத்துக் கொட்டகையில் அப்போது பெரிய படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் ஒரு பொம்மைப் படம் காட்டுவார்கள். வெளிநாட்டில் வரைந்தது. வாரம் ஒரு பாகம். தொப்பி போட்ட ஒரு கழுதை வீடு கட்டும். கடைசியில் காற்றோ, யானையோ, ரயிலோ வந்து வீட்டை இடித்துவிடும். அடுத்த வாரம் மறுபடி கட்டும். கழுதை இங்கிலீஷில் பேசுவதால் ஏன் கட்டுகிறது, யாருக்காகக் கட்டுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள்.

அதைப் பற்றித் திருவொற்றியூர் ப. சிவந்தியின் கருத்து: 'பன்னிரண்டு வாரமாகக் கழுதை வீடு கட்டுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். ஒரே ஒரு வாரமாவது அதை அந்த வீட்டுக்குள் படுத்துத் தூங்கவிட்டால் படம் வரைகிறவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?'

அன்று சாயங்காலம் சங்கு ஊதியதும் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் நாலைந்து பேர் கடைக்கு வந்தார்கள். அவர்களில் குணசுந்தரி என்பவள் எதற்கும் எளிதில் தலையாட்டாதவள். அவள் சிவந்தியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணாச்சி, நீ எழுதனது மெய்யாலுமே சரி. கழுதைய நெனச்சி எங்க லைன்ல அத்தினி பேரும் பேஜாராயிட்டோம். உனுக்கு இப்டி ஒரு மனசு கீதுன்னு யாருக்குத் தெரியும்?"

நான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், ஏனோ சொல்லவில்லை. "கழுதன்னா பாவந்தானம்மா" என்றார். சொன்ன பிறகு, பார்க்காத கழுதைக்காகப் பரிதாபப்பட்ட தன்னை அவருக்கே விளங்கவில்லை.

அன்று சாப்பிடும்போது கேட்டார்.

"ஏளா பூமாரி, நான் தூக்கத்துல எந்திரிச்சு எதும் எழுதுதனா?"

பூமாரியின் கையிலிருந்த கரண்டி நின்றது. "தூக்கத்துல எப்படி எழுத முடியும்?"

"அதாம்லா கேக்கேன். நடக்கவன் இருக்கான், பேசுதவன் இருக்கான். எழுதுதவன் இருக்கக் கூடாதா?"

"எனக்கென்ன தெரியும்? சோறு ஆறுது, சாப்பிடுங்க."

மூன்றாவது வாரம் பாம்புப் படம் ஒன்றைப் பற்றி எழுத்து வந்தது. நாலாவது வாரம் மறுபடி கழுதை. ஆட்கள் கடைக்கு வந்து அவரோடு வாதாடினார்கள். சிலர் அடுத்து எந்தப் படத்துக்குப் போகலாம் என்று யோசனை கேட்டார்கள். அவர் பொதுவாக, "பாத்தாத்தான தெரியும்" என்று சொல்லிவைத்தார். அதையும் பெரிய பதிலாக எடுத்துக்கொண்டு போனார்கள். அவருக்குத் தலை சுற்றியது. தான் என்ன நினைக்கிறோம் என்று தெரிந்துகொள்ளவாவது ஒருமுறை அந்தக் கொட்டகைக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்று தோன்றியது.

புதன்கிழமைகளில் மதியம் கடையைப் பூட்டிவிட்டு அவர் கொத்தவால்சாவடிக்குச் சரக்கெடுக்கப் போவார். திரும்ப ஏழு மணியாகும். அந்தப் புதன்கிழமை பஸ் ஏறியவர் டோல்கேட்டிலேயே இறங்கி மேட்னிக்கு டிக்கெட் வாங்கினார். ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள்.

விளக்கு அணைந்தது. கழுதை வந்தது.

சிவந்தி நினைத்ததுபோல அது பாவமாக இல்லை. சுறுசுறுப்பாக இருந்தது. செங்கல்லை வாலால் எடுத்தது. சுவரை நக்கிப் பூசியது. கதவைத் தலையில் சுமந்து வந்து, கதவு இருக்கும் இடத்தில் ஜன்னலும் ஜன்னல் இருக்கும் இடத்தில் கதவும் வைத்தது. கொட்டகையே உருண்டு சிரித்தது. சிவந்தி சிரிக்கவில்லை. அவர் கடையைக் கட்டியவர். கழுதை என்ன செய்யவில்லை என்பதை முதல் நிமிஷத்திலேயே பார்த்துவிட்டார். அது அஸ்திவாரம் போடவில்லை.

திரையில் காற்று கிளம்பியது. வீடு ஆடியது. கழுதை சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஏ கழுத, உள்ள போய்ப் படுத்துக்கிட்டியன்னா காத்து என்ன செய்யும்? உள்ள போயேன்!"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தக் குரல் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது. மெட்ராஸ் பேச்சு இல்லை. தாமிரபரணித் தண்ணீர் குடித்த பேச்சு. சிவந்தி தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மீன் விற்கும் பச்சையம்மா பக்கத்தில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தவள் பூமாரி.

வீடு இடிந்து விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. பெரிய படம் தொடங்கியதும் தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் பூமாரி இப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். எதற்குக் கோபப்படுவது என்று வரிசைப்படுத்திப் பார்த்தார். சொல்லாமல் சினிமாவுக்கு வந்தது. தன் பெயரில் எழுதியது. ஊரை ஏமாற்றியது. ஒவ்வொன்றும் கோபத்துக்குரியதுதான். ஆனால் கோபம் வரவில்லை. வந்தது என்னவென்றும் பிடிபடவில்லை. 'நாலே நாலு வசனம்' என்ற வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. இடைவேளை விளக்கு போடுவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் அவர் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு தபால் கார்டு வாங்கி, கல்லாவில் வைத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினார். மூன்றாம் வகுப்போடு நின்ற கை.

பத்து நாள் கழித்துப் பத்திரிகையில் இரண்டு கருத்துகள் அடுத்தடுத்து வந்திருந்தன. முதலாவது: 'கழுதையின் மேல் தப்பே இல்லை. காற்றுதான் அநியாயம் செய்கிறது. ப. சிவந்தி.' அடுத்தது: 'கழுதையின் மேல்தான் தப்பு. அஸ்திவாரம் போடாமல் பதினாறு வீடு கட்டினாலும் விழும். காற்றைச் சொல்லிக் குற்றமில்லை. ப. சிவந்தி.' கீழே ஆசிரியர் குறிப்பு: 'ஒரே வாசகர், ஒரே கடை, இரண்டு கருத்து. எது அவருடையது என்று எங்களுக்குப் புரியவில்லை. அன்பர் விளக்கினால் நன்று.'

அந்தப் பத்திரிகையைப் பச்சையம்மாதான் மீன்கூடைக்குள் வைத்துப் பூமாரியிடம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். அன்று மத்தியானம் சிவந்தி சாப்பிட உள்ளே வந்தபோது பூமாரி அடுப்படியில் பத்திரிகையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தும் மறைக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"என் பேருல யாரோ எழுதுதாங்க" என்றாள்.

"உன் பேருலயா? அது என் பேருல்லா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப இந்த ரெண்டாவது..."

"நாந்தான் எழுதுனேன். அஸ்திவாரம் போட்டுருக்கணும்லா?"

பூமாரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சொன்னாள். இரண்டு வருஷமாகப் பச்சையம்மாவோடு புதன்கிழமைதோறும் போவது. பார்த்த படம் மனதிலேயே கிடந்து குமைவது. சொல்ல ஆள் இல்லாதது. பத்திரிகையில் பெயரும் விலாசமும் கட்டாயம் வேண்டும் என்று போட்டிருந்தது.

"என் பேரப் போட்டா, யாரு இந்தப் பொம்பளன்னு ஊரு தேடும். உங்க பேருன்னா, கடைக்காரரு எதோ எழுதியிருக்காருன்னு விட்டுருவாங்கன்னு நெனச்சேன். விடமாட்டேங்காங்க."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"எப்பச் சொல்ல? நீங்க வந்து உக்காருவீங்க, சாப்பிடுவீங்க, எந்திரிப்பீங்க."

சிவந்தி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்கவில்லை. பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"அந்த ஆறு நிமிசப் பாட்டு. நாலு வசனம். அது படத்தப் பத்தி எழுதுனியா, என்னப் பத்தி எழுதுனியா?"

பூமாரி பத்திரிகையை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு மெதுவாக, "படத்தப் பத்தின்னு நெனச்சுத்தான் எழுதுனேன். தபால்ல போட்டப்புறம் எனக்கே சந்தேகமாயிட்டு" என்றாள்.

அவருக்கு அது போதுமா போதாதா என்று தெரியவில்லை. "நான் சோறு போடுன்னு சொல்லுதது கிடையாதே. நீயா போட்டுருவ" என்றார்.

"ஆமா. அதையும் சொல்லுதது கிடையாது."

கடையில் யாரோ "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போகவில்லை. கூப்பிட்டவர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை சிவந்தி கொத்தவால்சாவடிக்குக் காலையிலேயே போய்த் திரும்பிவிட்டார். மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு இருவரும் நடந்தே டோல்கேட்டுக்குப் போனார்கள். கொட்டகை வாசலில் அவள் பெண்கள் பக்கமும் அவர் ஆண்கள் பக்கமும் பிரிந்தார்கள். அன்று பொம்மைப் படம் இல்லை. புது ரீல் வரவில்லை என்றார்கள். கழுதை என்ன ஆயிற்று என்று கொட்டகைக்காரனுக்கும் தெரியவில்லை. நேராகப் பெரிய படத்தைப் போட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது வெயில் சாய்ந்து, கடல் பக்கமிருந்து காற்று வந்தது. சிவந்தி வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்திருந்தார். பாதி புரியவில்லை.

"அந்த ஜமீந்தாரு நல்லவனா கெட்டவனா?" என்று கேட்டார்.

"மொதல்ல கெட்டவன். அப்புறம் நல்லவன்."

"எப்ப மாறுனான்?"

"மக காலுல விழுந்தப்ப."

"மக காலுல விழுந்தது மருமகன்லா?"

"அது மருமகன் இல்லங்க. வேசம் போட்டுக்கிட்டு வந்த தம்பி."

"தம்பி செத்துட்டான்லா?"

பூமாரி நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த கைவண்டிக்காரர் சத்தம் போட்டார். "நீங்க எந்தப் படத்தப் பாத்தீங்க?" என்று கேட்டு, கொட்டகையில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு, முதல் காட்சியிலிருந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். சிவந்தி நடுநடுவே தப்பான ஆளைத் தப்பான இடத்தில் வைத்துக் கேள்வி கேட்டார். அவள் திருத்தினாள். வீட்டுச் சந்துக்குள் திரும்பியபோது அவள் பாதிக் கதைக்குத்தான் வந்திருந்தாள். கடை திறக்கக் காத்திருந்த இரண்டு பேரை, "செத்த நில்லுங்க, வாறேன்" என்று சொல்லிவிட்டு, தம்பி எப்படி உயிரோடு வந்தான் என்று சிவந்தி மறுபடியும் கேட்டார்.