இரண்டு பைக்குகளும் அப்பாவின் வலது கையும்

குளிர்காலம் முழுக்க அப்பா பைக் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார், மலைப்பாதையில் மிதித்து ஓட்டுகிற சைக்கிள். இந்த இரண்டில் ஒன்று என்பது ஜனவரியிலேயே முடிவாகிவிட்டது. எது என்பதுதான் முடிவாகவில்லை.

இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் உண்டு. சின்னது பன்னிரண்டு சென்டிமீட்டர் அமுங்கும். எடை குறைவு, மேட்டில் ஆடு மாதிரி ஏறும். பெரியது பதினாறு அமுங்கும். தள்ளிக்கொண்டு மேடேறினால் மூச்சு வாங்கும், ஆனால் இறக்கத்தில் வேர், கல், பள்ளம் எது வந்தாலும் விழுங்கிக்கொண்டு போகும். அப்பா ஃபோனைக் கெச்சப் பாட்டிலில் சாய்த்து வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். பருப்பு சூப் ஆறிப்போய் மேலே ஆடை கட்டும்.

"என்னைக் கட்டிக்கறதுக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கல ஸ்ட்ரூவன்" என்பாள் அம்மா.

"அப்ப ஒண்ணுதானே இருந்துச்சு, நெட்டா."

"ஒண்ணா? ஹாயிக் ஊர்ல ஒருத்தி இருந்தாளே, பேக்கரிக்காரர் பொண்ணு. மறந்துபோச்சா?"

"அவ மேட்டுல ஏற மாட்டா" என்றார் அப்பா, ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல். அம்மா ஈரத் துணியை அவர் தலையில் போட்டாள்.

புது பைக் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்ததற்குக் காரணம், இலையுதிர் காலத்தில் அவர் ஒரே மலைப்பாதையில் திரும்பத் திரும்ப விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பைக் ஓட்டும் கூட்டத்தில் எப்போதும் முதலாவதாக இறங்குகிறவர் அப்பா. அந்தப் பாதையில் பாதியை மண்வெட்டியால் வெட்டிப் போட்டவரே அவர்தான். அவர் விழுந்தால் பைக்கைத்தானே குறை சொல்ல முடியும்? எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அவரும் அதையே சொன்னார்.

அந்த பைக்கில் ஒரு குறையும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து மலையடிவாரத்தில் வாட்டியின் பைக் கடையில் வேலை செய்கிறேன். வாடகை பைக்குகளைக் கழுவுவது, காற்றழுத்தம் பார்ப்பது, பிரேக்கை இறுக்குவது. யாரோடும் அதிகம் பேசவேண்டாத வேலை. அப்பாவின் பைக்கை நான்தான் பிரித்துப் பார்த்தேன். பிரேக் புதிது போல இருந்தது.

கெட்டுப்போயிருந்தது அவர் வலது கை. காட்டு இலாகாவுக்காக இருபத்தைந்து வருஷமாக மரம் அறுக்கும் மெஷினைப் பிடித்த கை. அந்த அதிர்வு நரம்பில் தங்கிவிடும். குளிர் பட்டால் விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்து, உணர்வே இல்லாமல் போய்விடும். எங்கள் பள்ளத்தாக்கில் அறுப்பு வேலைக்காரர்கள் பலருக்கும் இது உண்டு. வெள்ளை விரல் என்பார்கள். இரண்டு கைக்கும் வரும், அப்பாவுக்கு வலது முந்திக்கொண்டது. அம்மா அதற்குக் கையுறை வாங்கிக் கொடுத்தாள், பிறகு இன்னும் தடிமனான கையுறை வாங்கினாள். குளிருக்குத்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பீட்ரூட் ஊறுகாய் ஜாடியை அவர் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி இடது கையால் திறந்ததைப் பார்த்தது நான் மட்டும்தான்.

எங்கள் நாட்டில் எல்லா பைக்கிலும் முன் பிரேக் வலது கையில்தான் இருக்கும், பின் பிரேக் இடது கையில். இறக்கத்தில் ஒரு மனுஷனை நிறுத்துவது முன் பிரேக்தான்.

மார்ச் மாதம் வாட்டியின் கடை முற்றத்தில், புது பைக்குகளை ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. கம்பெனி வேன்கள் வரிசையாக நின்றன. மழை விழுகிறதா பனி இறங்குகிறதா என்று தெரியாத ஈரம். ஒவ்வொருவரும் கிளம்புமுன் அவர் எடைக்குத் தகுந்தபடி சஸ்பென்ஷனில் காற்று அடிப்பது என் வேலை. எடையை வாட்டிதான் கேட்பார், ஏனென்றால் நான் கேட்டால் யார் காதிலும் விழாது.

"எவ்வளவுடா?" என்றார் வாட்டி, அப்பாவின் கூட்டாளி ட்ரூவிடம்.

"எண்பது."

"எப்போ? ஞானஸ்நானம் பண்ணினப்பவா?"

"டேய், எண்பதுதான்டா!"

"எஃபி, தொண்ணூத்தஞ்சுக்கு அடிம்மா. பையில இருக்கற பன் ரோலுக்கும் சேர்த்து."

அப்பா முதலில் சின்ன பைக்கை எடுத்தார். திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு. ஒரு பக்கம் மட்டும் இடுப்பு வரைக்கும் இருந்தது. எங்கேயோ விழுந்திருக்கிறார்.

"எப்படிடா?" என்றார் வாட்டி.

"நல்ல பைக்தான். நிக்கத்தான் மாட்டேங்குது."

பிறகு பெரியதை எடுத்துக்கொண்டு போனார். ரொம்ப நேரம் ஆளைக் காணவில்லை. நான் ஒரே சக்கரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்புறம் மேல் வளைவில் அவருடைய சிரிப்புச் சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் அவர் வந்தார். பல்லிலெல்லாம் சேறு.

"நெனச்ச எடத்துல நிக்குது எஃபி! கால் ஊனவே இல்ல, மேலேர்ந்து கீழ வரைக்கும்!"

"அப்ப பெருசுதான்" என்றார் வாட்டி. "நான் அப்பவே சொன்னேன். அம்பது வயசுல சொகுசு வேணும்டா. சோஃபா மாதிரி."

ட்ரூ அப்பாவின் முதுகில் தட்டினார். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒருவருக்கொருவர் சொல்லாமல் எல்லோரும் கொஞ்சம் பயந்துபோய்த்தான் இருந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெரிய பைக்கைக் கழுவ எடுத்தேன். ஸ்டாண்டில் மாட்டி, முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வலது பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இடது பிரேக்கைப் பிடித்தேன். நின்றது.

வேன் ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே முன் பிரேக் இடது கையில். கடல் தாண்டி வரும்போது மாற்றிப் போடுவார்கள், இதை மாற்ற மறந்துவிட்டார்கள். அவரை நிறுத்தியது பதினாறு சென்டிமீட்டர் சஸ்பென்ஷன் இல்லை. இடது கை.

வீட்டுக்குப் போகும் வழியில், காரில், வைப்பர் சத்தத்துக்கு நடுவில் சொன்னேன். "அப்பா, அதுல பிரேக் மாறியிருந்துச்சு."

"தெரியும்" என்றார். "முத வளைவுலயே தெரியும்."

"அப்ப பெரிய பைக் நல்லாயிருக்குன்னு…"

"நல்லாத்தானே இருந்துச்சு."

பாலம் வந்தது. பிறகு, "வாட்டிகிட்ட சொல்லாத. அம்மாகிட்டயும் வேணாம். கை போச்சுன்னு தெரிஞ்சா முன்ன மாதிரி மலைக்குக் கூப்பிட மாட்டானுங்க. கூப்பிட்டாலும் ஒவ்வொரு வளைவுலயும் நின்னு எனக்காகக் காத்திருப்பானுங்க. அது வேணாம் எனக்கு."

பெரிய பைக்கே வந்தது. பச்சை நிறம். கடையில் வாட்டி முறைப்படி வலது கைக்கே முன் பிரேக்கைப் பொருத்திக் கொடுத்தார். அப்பா அதை வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டு, "மாத்திப் போடு கண்ணு" என்றார்.

"வேணாம்ப்பா."

"ஏன்?"

"வளைவுல பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டுத் திருப்புவீங்கல்ல, இடது கையால? சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே பண்றீங்க. பதட்டத்துல கை அதைத்தான் செய்யும். இப்ப அங்க முன் பிரேக் இருந்தா தூக்கி எறிஞ்சிடும்."

எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு பேசியது. அப்பாவும் என்னையே பார்த்தார். கோபப்படவில்லை.

"அன்னிக்கு எறியலையே."

"அன்னிக்கு ஞாபகம் வச்சுக்கிட்டு ஓட்டினீங்க."

"சரி, வலதுலயே இருக்கட்டும். அங்க விரலே இல்லைன்னு வச்சுக்க. என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு."

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். கைப்பிடியை இன்னும் கிட்டே கொண்டுவரலாம், ஒற்றை விரலால் பிடிக்கிற மாதிரி மென்மையான பிரேக் போடலாம். ஆனால் ஒரு விரலிலும் உணர்வு இல்லாதபோது எந்தப் பிரேக்கும் மென்மையானது இல்லை. மலைக்குப் போகாதீர்கள் என்று ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லாமல் ஸ்பானரை எடுத்தேன்.

ஏப்ரல் நன்றாகப் போனது. அப்பா மறுபடி முதலாவதாக இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சேற்றோடு வந்து, வாசலிலேயே நின்று, "கல்லு வந்ததே தெரியல, அப்படியே முழுங்கிடுச்சு" என்பார். அம்மாவும் நம்பினாள். ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சக்கரச் சத்தம் கடை முற்றத்தில் கேட்கும் வரைக்கும் நான் கடையில் கை ஓடாமல் நிற்பேன். யாராவது கேட்டால் குளிர் என்பேன்.

மே மாதம் ட்ரூவிடமிருந்து கடைக்கு ஃபோன் வந்தது. வாட்டிதான் எடுத்தார். என் பக்கம் திரும்பி, "உசிருக்கு ஒண்ணுமில்லம்மா. காலர் எலும்பு" என்றார்.

மலைக்கு வந்திருந்த யாரோ ஒருவருடைய நாய் பாதையில் குறுக்கே ஓடியது. அவ்வளவுதான். பதட்டத்தில் அப்பா இடது கைப் பிரேக்கை முழுசாக அழுத்திவிட்டார்.

"அந்த எடத்துல எவனும் அப்படி விழ மாட்டான்" என்று ட்ரூ ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மண்ணு மெத்துனு இருக்கு. பின் பிரேக்கைத் தொட்டா போதும், நின்னுருக்கும். பைக் ரொம்பப் பெருசு நெட்டா, அவனுக்கு அடங்கல."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையுறைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "கையைப் பத்தி டாக்டர் என்ன சொல்றாராம்?" என்று மட்டும் கேட்டாள். உணர்வு திரும்ப வராதாம் என்றேன். கையுறைகளை மடித்தபடி, "நான் என்னன்னு சொல்லித் தடுக்கறது அவனை?" என்றாள். என்னிடம் கேட்டாளா என்று தெரியவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்தபோது இடது கையைத் துணியால் கழுத்தோடு கட்டியிருந்தார்கள். மிச்சமிருந்தது அந்த வலது கை. ஃபோனைக்கூட அதில் நிறுத்திப் பிடிக்க முடியவில்லை, நழுவி நழுவி விழுந்தது. மூன்றாம் முறை நான் எடுத்துக்கொண்டேன்.

"ஃபோன்ல அந்தச் சின்னதோட பக்கத்தை எடு" என்றார். "வாட்டி பெருசைத் திரும்ப வாங்கிக்கிறேங்கறான்."

"அப்பா, பைக்ல இல்ல…"

"தெரியும்டி." குரலில் எரிச்சல் இல்லை, களைப்புதான். "என் கையைப் பத்தி எவனும் அதுல எழுதி வைக்கல. பைக்கைப் பத்தித்தான் எழுதியிருக்கான். படி."

படித்தேன். முன் சக்கரம் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, இருக்கைக்கும் கைப்பிடிக்கும் எவ்வளவு தூரம், எடை எவ்வளவு. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். சில இடத்தில் "மறுபடி சொல்லு" என்றார். அம்மா கதவருகே வந்து நின்றாள். கேலி ஒன்றும் சொல்லவில்லை.

"உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டார் அப்பா. இத்தனை மாதத்தில் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"சின்னது."

"ஏன்?"

"மேட்டுல நல்லா ஏறும்."

"ஆமா" என்றார். "ஏறும்."

இறங்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை.