மூன்று நாள் மழை

நீரியல் பொறியாளர் மேசைமேல் இரண்டு பதிவேடுகளை விரித்து வைத்திருந்தார். ஒன்று மேல்கரை மழைமானியுடையது. அதை எழுதியவர் மழை அளவர். மற்றது ஆற்று நீர்மட்டத்துடையது. அதை எழுதியவர் அளவரின் மனைவிக்கு அண்ணன். எழுதிய இருவரும் எதிரே ஒரே பெஞ்சில் தோள் உரச உட்கார்ந்திருந்தனர்.

"அண்ணே, பதினெட்டாம் தேதி மழை அறுபத்தாறு மில்லிமீட்டர்தான். அன்னிக்கு ஆறு மூணேகால் மீட்டர் ஏறுச்சுன்னு எழுதியிருக்கீங்க. அவ்வளவு தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்றார் பொறியாளர்.

"ஆறு என்ன எங்கிட்ட சொல்லிட்டா வருது, மேடம்? அளவுகோலப் பாத்தேன், எழுதினேன்."

"கோட்டை மாத்திப் படிச்சிருப்பீங்களோ?"

"என் பொண்டாட்டி முகத்தைவிட அந்தக் கோட்டைத்தான் அதிகமாப் பாத்திருக்கேன். அதுக்கே அவ சண்டைக்கு வர்றா."

பொறியாளர் சிரித்தார், பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அந்த எண்ணை அடித்துவிட்டால் கீழே கட்டவிருக்கும் பாலத்தின் உயரம் ஒரு மீட்டர் குறையும். பிழையாக எழுதியவரின் வேலையும் அந்த மாதத்தோடு முடியும்.

"நான் அன்னிக்குக் குடிச்சிருந்தேன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்களாம். குடிச்சவனுக்கு ஒண்ணு ரெண்டாத் தெரியும். மூணேகாலாத் தெரியுமா? நீயாவது சொல்லு மாப்ள."

அளவர் தரையைப் பார்த்தார்.

அந்த வாரம் வெளியூரில் வேலை கிடைத்த மகளை வாடகை வீட்டில் குடிவைக்கப் போயிருந்தார். விடுப்பு கேட்கவில்லை. பத்தொன்பதாம் தேதி காலை எட்டரைக்குத் திரும்பி வந்து மானியைத் திறந்தபோது மூன்று நாள் மழையும் ஒன்றாகச் சேர்ந்து நூற்று எண்பத்தாறு மில்லிமீட்டர் இருந்தது. விதி எளியது: அளக்காத நாள்களுக்குக் கோடு போட்டு, கடைசி நாளில் கூட்டுத்தொகை என்று குறிப்பெழுத வேண்டும். பதினான்கு ஆண்டுகளாக ஒரு நாளும் விடுபடாத பதிவேட்டில் கோடு போட அவருக்குக் கை வரவில்லை. சமமாகப் பிரித்தால் சந்தேகம் வரும் என்று 58.4, 66.2, 61.4 என்று பிரித்தார். தசமப் புள்ளிக்குப் பின்னாலும் அக்கறை காட்டினார்.

பென்சில் முனை நீர்மட்டப் பதிவேட்டைத் தொட்டது.

"அதை அடிக்காதீங்க, மேடம்," என்றார் அளவர். "மச்சான் எழுதினதுதான் சரி. நான் ரெண்டு நாள் அளக்கல. மொத்தத்தையும் மூணாப் பிரிச்சு எழுதிட்டேன். பதினெட்டாம் தேதியே முழுசும் பெஞ்சிருக்கும்."

பொறியாளர் பென்சிலைக் கீழே வைத்தார். மச்சான்தான் பேசினார்; குரலை உயர்த்தவில்லை.

"மருமக வீடு மாறின வாரம், இல்ல?"

"ஆமா, மச்சான்."

"ஒரு மாசமா என்னைக் குடிகாரன்னாங்க. தினமும் பக்கத்துல உக்காந்து டீ குடிச்ச."

மச்சான் எழுந்து, தன் பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். பெஞ்சில் இடம் தாராளமாக இருந்தது. அளவர் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஒரு தடவைதானா?" என்றார் பொறியாளர்.

"ஒரு தடவைதான்."

அது உண்மை.

"நீங்க சொல்றதை மட்டும் வெச்சு நான் இதை நம்ப முடியாது. பெரிய மழை நாள் ஒவ்வொண்ணாக் கேக்கறேன். அளந்தீங்களா இல்லையான்னு சொல்லுங்க, அப்புறம் ஆத்துப் பதிவோட ஒத்துப் பாக்கறேன்."

பதினான்கு ஆண்டு, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட காலைகள். காய்ச்சலோடு போன நாளும் உண்டு. இடுப்பளவு நீரில் நடந்து போன நாளும் உண்டு. பொறியாளர் முதல் பக்கத்தைத் திருப்பித் தேதியைப் படித்தார்.

"அளந்தேன்," என்றார் அளவர்.

அடுத்த தேதி.

"அளந்தேன்."

மூன்றாவது தேதிக்கும் அதையே சொன்னார். அதுவும் உண்மைதான். ஆனால் தம் குரலை அவராலேயே நம்ப முடியவில்லை.