குனிந்து பார்க்கும் குழல்

கரவாங்கே மலையில் அந்த அக்டோபரில் எங்கள் வேட்டைச் சங்கம் நான் சுடுவதற்கென்று ஒதுக்கியது, குட்டியில்லாத ஒரு கிழட்டு மலையாடு. ஐம்பது வயதில் எனக்கு அதுதான் முதல் மலையாடு. விழுந்த விலங்கின் வாயில் கடைசிக் கவளமாக ஒரு பச்சைக் கிளை வைப்போம். கூட வந்தவர் சுட்டவனின் கையைக் குலுக்கி, அவன் தொப்பியில் இன்னொரு கிளையைச் செருகுவார். அந்தக் கிளையோடு ஊருக்குள் நடக்க எனக்குக் கொள்ளை ஆசை.

கூட வந்தவள் என் கொழுந்தியாள் யெர்னேயா. அவளுடைய தொலைநோக்கியில் கண் வைக்கும் முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். குனிந்துதான் பார்க்க வேண்டும். என்னுடையது நேர்க் குழல்.

"நீ குனிஞ்சே பாரு. நான் எதையும் நேருக்கு நேர் பாக்கிறவன்."

"மேல பாக்கறப்போ கழுத்துப் பிடிச்சுக்கும் அத்தான். அப்புறம் எங்க அக்காதான் சாராயம் போட்டுத் தேய்க்கணும்."

ஆடு எங்கள் தலைக்கு மேலே, பாறை விளிம்பில் நின்றது. ஈரக் கல்லில் மண்டியிட்டு, கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்த்தேன். இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அவள் பத்து நிமிடமாகச் சொகுசாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதருக்குப் பின்னால ஏதோ அசையுது. அவசரப்படாதீங்க. இதுல வந்து ஒரு தடவை பாருங்க."

"பாத்தாச்சு. தனி ஆடு, கிழடு."

கழுத்து வலிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. சுட்டேன். விழுந்தது.

யெர்னேயா குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு விலகி எனக்கு இடம் விட்டாள். குனிந்தேன். செத்துக் கிடந்த தாயின் மடியை ஒரு குட்டி முட்டிக்கொண்டிருந்தது.

என் வீம்புக்கு அது என்ன பாவம் செய்தது?

"தாயில்லாம இந்தப் பனிக்காலத்தைத் தாண்டாது," என்றாள். "நீங்களே முடிச்சிடுங்க."

இந்த முறை அவள் குழலில், அவள் போதும் என்று சொல்லும்வரை பார்த்தேன். அதன் பிறகு சுட்டேன்.

மேலே ஏறிப் போனதும் பழக்கத்தில் கிளைக்காகத் தொப்பியைக் கழற்றிவிட்டேன். அவள் பைன் புதரில் இரண்டு கிளைகளை ஒடித்தாள். ஒன்றைத் தாயின் வாயில் வைத்தாள், மற்றதைக் குட்டியின் வாயில். கைகளைத் துடைத்துக்கொண்டு, ஆடுகளைக் கட்டி இறக்கக் கயிறு எடுக்கப் போனாள்.

கையிலிருந்த தொப்பியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.