கட்டிப்போட்ட படகில் செய்த சோதனை

மாமியார் படகு ஓட்டுகிறவர், மருமகள் வெல்டிங் பட்டறை நடத்துகிறவள் என்றால், அந்த வீட்டில் யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது? யாரும் யாருக்கும் கட்டுப்படவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட மகன்தான் இரண்டு பக்கமும் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்துவலியோடு திரிந்தான்.

மாமியாரைப் படகுத்துறையே ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடும். அக்கரைக்கு ஆள் ஏற்றுகிற படகுகளில் அவருடையதுதான் வேகம். ஆனால் அக்கரைக்குப் போகும் குறுக்குவழி, கடற்புல் மண்டிய ஆழமில்லாத இடம். ஆமைகள் அங்கேதான் மேயும். மூச்சு வாங்க மேலே வரும்போது புரொப்பெல்லரில் அடிபடும். ஓட்டில் வரிசையாக வெட்டு விழுந்த ஆமைகளுக்குக் கட்டுப்போட்டே ஆமை மருத்துவமனை டாக்டரம்மா அலுத்துப்போனார். துறைமுக அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்: இது நிற்காவிட்டால் குறுக்குவழியை மூடிவிடுவேன், எல்லோரும் மணல்திட்டைச் சுற்றிப் போங்கள். சுற்றிப் போனால் பாதிப் பயணிகள் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் அடுப்பு எரிவதே அந்தப் படகால்தான்.

மருமகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறவள் இல்லை. புரொப்பெல்லரைச் சுற்றி ஒரு எஃகு வளையம் செய்தாள். அதை மாட்டக் கேப்டனைச் சம்மதிக்க வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

“என் படகுக்குக் கொலுசு போடறியா?”

“போட்டா அழகாத்தான் இருக்கும், அத்தை.”

படகைத் துறையில் கட்டிப்போட்டு, இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கி, டாக்டரம்மா தெர்மாகோல் மேல் பிளாஸ்டர் பூசிச் செய்து கொடுத்த பொம்மை ஆமையைக் கழியால் வளையத்தின் மேல் தள்ளிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அப்புறம் கேட்கவேண்டுமா, துறை முழுக்க அவள் பேச்சுதான்.

அதிகாரிக்குக் காட்டுகிற நாளும் வந்தது. பொம்மையைக் குறுக்குவழியின் நடுவில் மிதக்கவிட்டார்கள். கேப்டன் வழக்கம்போலப் பறந்து வந்தார். ‘டம்’ என்று ஒரு சத்தம். புரொப்பெல்லர் தொடவேயில்லை. வளையம்தான் இடித்தது. பொம்மையின் ஓடு இரண்டாகப் பிளந்து மிதந்தது.

“பரவாயில்லையே, வெட்டுப்பட்டுச் சாகறதுக்குப் பதிலா இடிபட்டுச் சாகுது” என்றார், விசில் என்று பட்டப்பெயர் வாங்கிய படகுக்காரர். துறையே சிரித்தது.

மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டிப்போட்ட படகில் புரொப்பெல்லர் மட்டும்தானே சுற்றியது, படகு எங்கே நகர்ந்தது? பட்டறைக்காரி பட்டறைக்காரியாகவே யோசித்திருக்கிறாள்.

“பொம்மை சரியில்லைன்னு சொல்லிடு” என்று புருஷன் காதைக் கடித்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே அதிகாரியிடம் போனாள்.

“தப்பு என்னோடது சார். படகைக் கட்டிப்போட்டுப் பாத்தேன். இந்த வேகத்துல வளையமே சம்மட்டி மாதிரிதான். மெதுவா போனா மட்டும்தான் இது காப்பாத்தும். இன்னொரு தடவை பாக்கலாம்.”

“மெதுவாவா? கேப்டனா?” என்று விசில் கேட்டார்.

அவள் மாமியாரின் பக்கம் திரும்பினாள். அந்த அம்மாளிடம் மெதுவாகப் போங்கள் என்று சொல்ல அதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

“அத்தை, ஆள் நடக்கற வேகத்துல போங்க.”

சிரிப்பு அடங்கிவிட்டது. கேப்டன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“யாரு நடை? என் நடையா, உன் நடையா?”

“நிறைமாசத்துல நான் நடந்த நடை.”

கேப்டன் படகில் ஏறினார். மருமகளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

படகு ஊர்ந்தது. பாதி வழியில் விசில், பயணிகளை ஏற்றிக்கொண்டு, பக்கத்திலேயே சீழ்க்கை அடித்தபடி தாண்டிப் போனார். மருமகள் மாமியாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேகம் கூட்டும் விசை மேல் இருந்த விரல்கள் ஒருமுறை இறுகின. ஆனால் விசை நகரவில்லை.

இரண்டாவது பொம்மை வளையத்தில் மெல்ல முட்டி, வழுக்கி, பின்னால் மிதந்து வந்தது. டாக்டரம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு விரிசல்கூட இல்லை.

“வளையத்தோட இந்த வேகமும் இருந்தா வழி திறந்திருக்கும். ஒருத்தர் மட்டும் போனா பத்தாது” என்றார் அதிகாரி.

“நாளையிலேர்ந்து புல்லு மேல நான் இப்படித்தான் போவேன்” என்று கேப்டன் படகுக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். “மத்தவங்க அவங்கவங்க மனசாட்சிப்படி போங்க.”

மறுநாள் முதல் நடையில் மருமகளும் போனாள். புல் வந்ததும் படகு ஊர்ந்தது. பின் இருக்கையில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, “கேப்டனுக்கு வயசாயிடுச்சு போல. பயம் வந்துடுச்சு” என்றார்.

மருமகளுக்குச் சுருக்கென்றது. தன் வளையத்துக்காக இந்தப் பேச்சையும் இவர் கேட்கவேண்டியிருக்கிறதே என்று அந்த ஆளைத் திட்ட வாய் திறந்தாள்.

“விடும்மா” என்றார் கேப்டன், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே. “நாலு பேரு நாலு சொல்லுவாங்க. அந்தப் பக்கம் ஒரு ஆமைத் தலை தெரியுது, பாத்து சொல்லு, எந்தப் பக்கம் ஒதுங்கணும்.”

தன் படகில் இன்னொருத்தரிடம் கேப்டன் வழி கேட்டதை யாரும் பார்த்ததில்லை. மருமகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

“இடது பக்கம், அத்தை” என்றாள்.

கேப்டன் சுக்கானை இடது பக்கம் திருப்பினார்.