முதலில் ஓடுகிறவன்

அக்டோபரில் ஸ்பெயினின் டெர்ராசாவில் வாங்கிய இரண்டு கோல்களும் கோல்கீப்பர் யெல்மரின் தப்பு என்பதில் வெஸ்டர்டைன் ஹாக்கி கிளப்பில் யாருக்கும் சந்தேகம் இல்லை. படம் போட்டுப் பார்த்தாயிற்று. பயிற்சியாளர் ஆலர்ட் அந்த இடத்தை மூன்று தடவை ஓடவிட்டு நிறுத்தினார். பந்து வலது மூலைக்குள் போகிறது. யெல்மர் இடது பக்கம் பாய்ந்து கிடக்கிறான். ஏன் அந்தப் பக்கம் போனாய் என்று கேட்டதற்கு, கணக்குத் தப்பிவிட்டது என்று மட்டும் சொன்னான். பக்கத்து நாற்காலியில் இருந்த ரெம்கோ தன் காபிக் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தப்பு ரெம்கோவுடையது. அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

பெனால்டி கார்னரில் எதிரணிக்காரன் பந்தை மட்டையோடு இழுத்துச் சுண்டிவிட்டால் அது மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும். முகமூடியும் முட்டிக் கவசமும் மாட்டிக்கொண்டு, கோலுக்குள்ளிருந்து நேரே அவனை நோக்கி ஓட ஒருத்தன் வேண்டும். புத்தியுள்ளவன் செய்கிற வேலை இல்லை. பதினொரு வருடமாக ரெம்கோ அதைச் செய்துவந்தான். ஓடுவதற்கு முன்பு பின்னாலிருந்து யெல்மர் மட்டையால் அவன் முட்டியில் ஒரு தட்டு தட்டுவான். வலது முட்டியில் தட்டினால் வலது பக்கம் ரெம்கோ அடைக்க வேண்டியது. இடது பக்கம் யெல்மருடையது. இந்த ஏற்பாட்டை அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று பயிற்சியாளர்கள் வந்து போனார்கள், அவர்களிடமும் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் எதிரணிக்கும் தெரிந்துவிடும் என்று ஒரு பயம், இரண்டு பேருக்குள் இருக்கட்டுமே என்று ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் இப்போது யெல்மரின் கழுத்தில் விழுந்திருந்தது.

போன வருடம் வசந்தத்தில் கவசத்துக்கு மேலே பட்ட ஒரு பந்து ரெம்கோவின் முட்டிச் சில்லை உடைத்தது. எலும்பு கூடிவிட்டது. சைக்கிள் மிதித்தான், மாடி ஏறினான், மற்ற நேரமெல்லாம் மான் மாதிரி ஓடினான். பந்தை எதிர்கொள்ளும் அந்த ஒரு கணத்தில் மட்டும் கால் தானாக அரையடி ஒதுங்கிவிடும். பந்து உள்ளே போக அரையடி தாராளம்.

வெஸ்டர்டைனில் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதுதான் மரியாதை. உன் புது மனைவியை எனக்குப் பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சேர்ந்து பீர் குடிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ரெம்கோவால், நான் பயந்து ஒதுங்கினேன் என்ற ஒரு வரியைச் சொல்ல முடியவில்லை. யெல்மரும் சரியான கல்லுளிமங்கன். திரும்பி வரும் விமானத்தில் ஒரே ஒரு தடவை கேட்டான்.

"முட்டி எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"சரி," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மார்ச்சில் உள்ளூர் ஆட்டத்தில் இன்னொரு கோல், அதே மாதிரி. ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை ஆலர்ட் அணியைக் கூட்டி வைத்து, சனிக்கிழமை அரையிறுதியில் டீமன் கோலில் நிற்பான் என்றார். டீமனுக்கு இருபத்திரண்டு வயது. யெல்மருக்கு முப்பத்தைந்து, இந்த ஈஸ்டரோடு மட்டையை வைத்துவிடுவதாக முன்பே சொல்லியிருந்தான். அவன் ஆடிய வருடங்களில் கிளப் ஒரு தடவைகூட ஐரோப்பிய லீக்கின் இலையுதிர்காலச் சுற்றைத் தாண்டியதில்லை. இந்த வருடம் தாண்டியது மட்டுமில்லை, கடைசி ஆட்டங்கள் சொந்த மைதானத்திலேயே நடக்கப்போகின்றன. இதற்காகத்தான் அவன் பனியிலும் மழையிலும் வந்து விழுந்து புரண்டான். யெல்மர் தலையாட்டினான். டீமனிடம் போய், வெயில் எந்தப் பக்கம் கண்ணில் அடிக்கும் என்று சொல்லிக்கொடுத்தான்.

வியாழக்கிழமை ரெம்கோ கிளப்புக்குப் போனான். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனான். ஆலர்ட் வேலியில் விளம்பரத் துணி கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தான். காற்றைப் பற்றிப் பேசினார்கள். அரையிறுதியில் எதிரே வரப்போகிற ஜெர்மன்காரர்களின் கார்னரைப் பற்றிப் பேசினார்கள். அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை அடைத்தவன் மாதிரி நின்றான். சொன்னால் என்னையும் எடுத்துவிடுவார், அணிக்கு ஒரே நாளில் இரண்டு பேர் நஷ்டம், கிளப்பின் நன்மைக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று சைக்கிளில் வீடு வரும்வரை சப்பைக்கட்டு கட்டிக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் அவனுக்கே அது அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை மைதானம் வழிந்தது. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. முடிய நாற்பது விநாடி இருக்கும்போது ஜெர்மன்காரர்களுக்குப் பெனால்டி கார்னர். யெல்மர் வெளியே மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் கவசம் கட்டியபடி உட்கார்ந்திருந்தான். கோலுக்குள் முகமூடியை மாட்டும்போது ரெம்கோ டீமனிடம், "எந்தப் பக்கம் அடைக்கட்டும்?" என்று கேட்டான்.

"எங்க வேணா ஓடு. எனக்குப் பந்த மறைக்காம இருந்தா சரி," என்றான் டீமன்.

ரெம்கோ கோல் கோட்டில் குனிந்து நின்றான். இத்தனை வருடமும் தான் விட்டாலும் பின்னால் ஒருத்தன் இருக்கிறான் என்று முதுகுக்குத் தெரியும். இப்போது முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. பந்து கோட்டை விட்டு நகர்ந்ததும் ஓடினான். கால் ஒதுங்கவில்லை. பந்து அவன் தொடையில் அறைந்து ஓரத்துக்குப் பறந்தது, வெஸ்டர்டைன்காரர்கள் அதை எடுத்து அந்தக் கோடிவரை கொண்டுபோனார்கள், கடைசி மூன்று விநாடியில் கோல். மைதானம் அவன் பெயரைக் கத்தியது. அந்தச் சத்தம் கேட்ட நேரத்துக்கு ரெம்கோ சந்தோஷமாகத்தான் இருந்தான்.

பிறகு யெல்மர் பனிக்கட்டிப் பையோடு வந்தான். புல்லில் மண்டியிட்டு, தொடையில் எழும்பியிருந்த சிவப்பு வீக்கத்தில் வைத்து அழுத்தினான்.

"உன்னால முடியலன்னு நெனச்சேன்டா. அதனாலதான் நானும் வாயத் தொறக்கல," என்றான்.

"முடியலதான்."

"இன்னைக்கு முடிஞ்சுதே."

இதற்கு மேலும் பொய் சொன்னால் மனுஷனே இல்லை என்று ரெம்கோவுக்குத் தோன்றியது. "நீ பின்னாடி இருந்தா, நான் விட்டாலும் நீ புடிச்சிடுவேன்னு..." என்று ஆரம்பித்தான்.

யெல்மர் பையை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தான். அவனிடம் கோபம் இருந்திருந்தால்கூட ரெம்கோ தாங்கியிருப்பான். "அழுத்திப் புடி. திங்கக்கெழம ஃபைனல் இருக்கு," என்றான்.

ரெம்கோ நொண்டிக்கொண்டே ஆலர்டைத் தேடிப் போனான். அவரைச் சுற்றி நின்றவர்களை விலக்கி, ஓரமாகக் கூட்டிப்போய், எல்லாவற்றையும் சொன்னான்: தட்டு, பக்கம், அரையடி, மூன்று கோல். திங்கட்கிழமை யெல்மரை நிற்க வையுங்கள், என்னை எடுத்துவிடுங்கள் என்று முடித்தான்.

"டீமன் ஜெயிச்சுட்டு நிக்கிறான். ஃபைனலுக்கு எந்தக் காரணம் சொல்லி அவன எடுக்கச் சொல்ற?" என்றார் ஆலர்ட். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்டோபர்லயே சொல்லியிருந்தா, ஓட வேற ஒருத்தனப் போட்டிருப்பேன். அவ்வளவுதான் விஷயம். நீங்க ரெண்டு பேருமே ஆடியிருப்பீங்க."

அவரை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். கையிலிருந்த பையில் பனிக்கட்டி உருகி ரெம்கோவின் காலுறைக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சருகே யெல்மர் குனிந்து, ஆட்டத்தில் ஒரு தடவைகூடப் பந்து படாத கால் கவசங்களின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தான்.