சார்ஜர் இல்லாமல் வந்த அண்ணன்

நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, போலீஸார் என் அண்ணன் அர்த்தநாரியை ஒரு டேப்லெட்டில் கொண்டுவந்து ஆஜர்படுத்தினார்கள். பிடித்துக்கொண்டு போனவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாததால் நாங்கள் ஆட்கொணர்வு மனு போட்டிருந்தோம். மனு போட்டால் ஆளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டினார்கள்.

அண்ணன் செய்த குற்றம் பெரியதுதான். பாலம் திறப்பு விழாவில் அமைச்சர் பேசி முடித்ததும், புதிதாக வந்த கேமரா, கூட்டத்தில் தட்டிய கைகளைக் கணக்கெடுத்தது. அண்ணன் தட்டவில்லை. அவன் இரண்டு கையிலும் டீ கிளாஸ் இருந்தது. டீயைக் கீழே வைத்திருக்கலாமே என்று, பிடிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். எங்கள் வக்கீலுக்கும் அது நியாயமாகவே பட்டது.

விசாரணை அறைக்குப் போகும் நடைபாதை, அரசு வக்கீல் வாய்தா கேட்கும்போதெல்லாம் நீண்டது. நானும் அண்ணி சாந்தாமணியும் நடந்துகொண்டே இருந்தோம். வழியில் ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. அதில் எங்களுக்கு முன்னால் மனு போட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே போனதும் அண்ணியைக் கூண்டு தெரியாதபடி ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஜெயக்கொடி என்ற பெண் காவலர் டேப்லெட்டைக் கூண்டில் ஏற்றி, சாய்ந்துவிடாமல் ஒரு சட்டப் புத்தகத்தை முட்டுக் கொடுத்தார். திரையில் அண்ணன் இருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"பேசறது கேக்கலைங்களே," என்றேன்.

"மியூட்ல இருக்கறாருங்க. ஹோஸ்ட் எடுத்துவுட்டாத்தான் கேக்கும்," என்றார் ஜெயக்கொடி.

"ஹோஸ்ட் யாருங்க?"

"அவரு மீட்டிங்ல இருக்கறாருங்க."

நீதிபதி அண்ணனைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டார். அண்ணனின் வாய் நெடுநேரம் அசைந்தது. குறை எதையும் சொல்லவில்லை என்று பதிவானது. மனித உரிமை அதிகாரி ஒருவர் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. சித்திரவதை நடக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டாரா, நல்ல ஸ்க்ரீன் கார்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று காவல் துறையைப் பாராட்டவும் செய்தார். நான் எழுந்தேன்.

"ஐயா, இது எங்கண்ணன் இல்லைங்க. இது டேப்லெட்டுங்க."

நீதிபதி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்ப உங்க அண்ணன் முகமே உங்களுக்கு அடையாளம் தெரியலையா?"

"தெரியுதுங்க."

"வேற என்ன வேணும்?" என்றார். மனு முடித்துவைக்கப்பட்டது.

அண்ணனை ஊருக்குக் கூட்டிவந்தோம். ஆள் கிடைத்துவிட்டாலும் காவல் முடியவில்லை என்று ஜெயக்கொடியும் கூடவே வந்தார். லக்கேஜா, டிக்கெட்டா என்று கண்டக்டர் கேட்டார். உத்தரவைக் காட்டினோம். டிக்கெட் கிழித்தார். வழி முழுக்க ஜெயக்கொடி அண்ணனைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கைதி வேடிக்கை பார்க்கக் கூடாதாம்.

வீட்டில் அண்ணி அவனைச் சுவரில் சாய்த்துவைத்து, முன்னால் தட்டு வைத்துச் சோறு போட்டாள். அவன் தொடவில்லை. வீணாக்க வேண்டாமே என்று அதையும் ஜெயக்கொடி சாப்பிட்டார். பேட்டரி குறைந்துகொண்டே வந்தது.

"மேடம், சார்ஜர் எங்கீங்க?"

"அது வழக்குச் சொத்துங்க. ஸ்டேஷன்ல கெடக்குது. வேணும்னா தனியா மனு போடோணும்."

"அதுக்குள்ள தீந்து போச்சுன்னா?"

"தீந்து போச்சுன்னா விடுதலைங்க."

எனக்குப் பயம் வந்துவிட்டது. திரை அணைந்தால் அண்ணன் போய்விடுவான். அதற்குள் அவனை அடைத்துவைத்திருக்கும் இடம் தெரிந்தால் போதும், நானே போய்க் கதவை உடைத்துவிடுவேன். உதட்டைப் பாருங்கள் என்று அண்ணியிடம் சொன்னேன். அவள் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவள். தறிச் சத்தத்தில் காது எதற்கும் உதவாது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சண்டைகூட அப்படித்தான்.

அண்ணி திரைக்குக் கிட்டே போய் உட்கார்ந்தாள். அவள் உதடும் கூடவே அசைந்தது. பிறகு அசையவில்லை.

"எங்க இருக்கறானாமா அண்ணி?"

"வீட்டுல இருக்கறாராமா."

"யாரு வீட்டுல?"

"நம்ம வீட்டுலதான் தம்பி. நம்மளைத்தான் புடிச்சுட்டுப் போயிட்டாங்களாமா. பயப்படாதீங்க, மனு போட்டிருக்கறேன், எப்படியாச்சும் உங்க ரெண்டு பேரையும் வெளிய எடுத்துருவேன்னு சொல்லீட்டே இருக்கறாரு."

அண்ணனுக்குப் பின்னால் இருந்த சுவரை அப்போதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டுக் காலண்டர் அதில் தொங்கியது. அவன் முன்னாலும் தொடாத இரண்டு தட்டில் சோறு இருந்தது. அவன் எங்களைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான்.

ஜெயக்கொடி கை கழுவிவிட்டு வந்தார். அண்ணனுக்கு முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று எங்கள் இருவரையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக நகர்ந்து உட்காரச் சொன்னார்.

"மேடம், நாங்க வெளியதானுங்களே இருக்கறோம்?" என்றேன்.

"அவரும் அதையேதானுங்க சொல்றாரு," என்றார்.